அழாத பிள்ளைக்கு வலி மருந்து கிடையாதா? ஒரு தொடை எலும்பு, இரண்டு கேஷுவாலிட்டி

முதலிலேயே மார்க்கைப் போட்டுவிடுகிறேன், முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் அதோடு போய்விடலாம். நாங்கள் முதலில் ஓடிய தனியார் மருத்துவமனையின் கேஷுவாலிட்டிக்கு ஐந்துக்கு ஒன்றரை. அங்கிருந்து கிளம்பிப் போன அரசு மருத்துவமனைக்கு ஐந்துக்கு நாலு. இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் வரும் போன்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதுவும் போக முதல் இடத்தில் நடந்தது அந்த ஒரு கட்டடத்தின் வியாதி என்றும் நான் நினைக்கவில்லை. எலும்பை எவ்வளவு நேராகச் சேர்த்தார்கள் என்பதற்கான மார்க் இல்லை இது. ஆறு வயதுப் பையன் கால் உடைந்து வந்து படுத்தானே, அந்த நிமிடத்திலிருந்து அவன் வலி குறைய எவ்வளவு நேரம் ஆனது, அதற்கு யார் என்ன செய்தார்கள், அதற்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே கால். வாசல் சரிவில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த பைக் மேல் ஏறி உட்கார்ந்து பையன் ஓட்டுவது போல விளையாடிக்கொண்டிருந்தான். தினமும் செய்வதுதான், நாங்களும் தினமும் பார்ப்பதுதான். அன்றைக்கு ஸ்டாண்டு மடங்கி வண்டியோடு சாய்ந்துவிட்டான், டேங்க் நேராக இடது தொடை மேல். ஒரே ஒரு சத்தம் போட்டான், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் வண்டியைத் தூக்கித் தள்ளிவிட்டுப் பையனைக் கையில் எடுத்தபோது, மூட்டே இல்லாத இடத்தில் அவன் கால் மடங்கியது. அதை நான் பார்த்தேன். இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போதெல்லாம் கண்ணில் வந்து நிற்கிறது.

நாங்கள் செய்த முதல் தப்பு, ஒரு அட்டையை, ஒரு தலையணையைக்கூட வைத்துக் கட்டாமல் பக்கத்து வீட்டுக் காரில் மடியில் போட்டுக்கொண்டு கிளம்பியது. ஆறு கிலோமீட்டர், ஒன்பது ஸ்பீடு பிரேக்கர். எண்ணினேன். ஒவ்வொன்றிலும் அவன் என் கையைக் கடித்தான்.

தனியார் மருத்துவமனை பார்க்க அழகாக இருக்கும், அதைச் சொல்லியாக வேண்டும். வரவேற்பில் மீன் தொட்டி, ஏ.சி., குழந்தைகள் பிரிவுச் சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரைந்திருக்கிறார்கள். ஐந்து நாற்பதுக்கு உள்ளே போனோம். ஆதார் நம்பர், போன் நம்பர், முன்பணம், ஃபைல் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது, இதற்கெல்லாம் அங்கே ஆள் பஞ்சமே இல்லை. டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பையன்தான், தங்கமான குணம், வந்து காலைப் பார்த்துவிட்டு, "சமத்துப் பிள்ளையா இருக்கானே, அழவே மாட்டேங்கிறான்" என்றார். நானும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினேன் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழாத பிள்ளை கேஷுவாலிட்டியில் மருந்து குடிக்காது போலிருக்கிறது. பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு, மேற்கூரையில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு, விரல்கூட அசையாமல் கிடந்தான். அசைந்தால் வலிக்கும் என்று ஐந்து நிமிடத்தில் அவன் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது, அதனால் அசையவில்லை. மூச்சு விட்டு அழுதால் வயிறு குலுங்கும், வயிறு குலுங்கினால் தொடை இழுக்கும், அதனால் அழவில்லை. இதை அப்புறம் அரசு மருத்துவமனையில் மேற்படிப்புப் படிக்கிற ஒரு பி.ஜி. டாக்டர் எனக்குச் சொன்னார்: கத்துகிற குழந்தையை யாரும் மறக்க மாட்டார்கள், கல் மாதிரி கிடக்கிற குழந்தையைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

"வலிக்கு ஏதாவது கொடுங்க டாக்டர்" என்று நான் நாலு தடவை கேட்டேன். முதல் தடவை, ஆர்த்தோ சார் வந்து பார்க்கட்டும், இப்போ கொடுத்தா வலி மறைஞ்சிரும், எங்க அடின்னு தெரியாமப் போயிரும் என்றார்கள். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். ஆறு இருபதுக்கு எக்ஸ்ரே. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அந்தப் பக்கவாட்டுப் படத்துக்குக் காலைத் திருப்பியபோதுதான் அவன் முதல் தடவையாக அலறினான். திரையில் தொடை எலும்பு நடுவில் இரண்டாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது, எட்டாவது படிக்கிற பிள்ளைகூட எங்கே உடைந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டும். இனி எதை மறைக்கப் போகிறது மருந்து? மறுபடி கேட்டேன். ஆபரேஷன் வேண்டியிருக்கலாம், வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று பதில். வாய் ஒன்றுதானா வழி என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை. மூன்றாவது தடவை கேட்டதற்குப் பதிலே வரவில்லை. நாலாவது தடவை என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார், ஏழரை மணிக்கு ஒரு சிஸ்டர் ஊசியோடு வந்தார்.

அந்த ஊசியை எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். பிட்டத்தில். தொடை எலும்பு உடைந்த பிள்ளையை ஒருக்களித்துத் திருப்பி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, வலிக்கான ஊசி. உள்ளே போன ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்குப் பிறகு கிடைத்த முதல் மருந்து, அந்த நாளின் மிகப் பெரிய வலியோடு கிடைத்தது. என்ன மருந்து என்று ஃபைலில் பார்த்தேன், 'இன்ஜ். பெயின்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அதுவரை காலுக்கு அடியில் ஒரு தலையணைகூட வைக்கவில்லை, ஐஸ் இல்லை, கால் அசையாமல் பிடிக்கிற ஸ்ப்ளின்ட் இல்லை. பில்லில் மட்டும் 'எமர்ஜென்சி கேர்' என்று தனியாக ஒரு வரி இருந்தது.

ஒன்றரை மார்க் எதற்கு என்றால், எக்ஸ்ரேயைச் சரியாக எடுத்தார்கள், கேட்டவுடன் படத்தைக் கையில் கொடுத்தார்கள், கையை வைத்துத் தடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். ஆர்த்தோ சார் படத்தைப் போனில் பார்த்துவிட்டு நாளைக்கு ஆபரேஷன், டெபாசிட் கட்டுங்கள் என்றார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது. 108-க்குப் போன் போட்டோம்.

இந்த இடத்தில் 108 தொழில்நுட்பப் பணியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்குப் பையனின் வலியை முதலில் குறைத்தது அவர்தான், அதுவும் ஒரு சொட்டு மருந்து இல்லாமல். முப்பது வயதுகூட இருக்காது. வந்ததும் பையனிடம், "தம்பி, நான் உன் காலைத் தொடப்போறதில்ல, இன்னொரு காலுக்குப் பக்கத்துல தூங்க வைக்கப்போறேன், சரியா?" என்றார். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு மடித்த துண்டு, வெளிப்பக்கம் நீள ஸ்ப்ளின்ட், முட்டிக்கு மேலும் கீழும் அகலப் பட்டை, கணுக்காலில் ஒன்று. உடைந்த இடத்தின் மேல் கட்டவில்லை. கட்டி முடித்ததும் கால் விரல்களை அழுத்தி, வெளுத்த நிறம் மறுபடி சிவக்கிறதா என்று பார்த்தார், விரலை ஆட்டச் சொன்னார். ஆட்டினான். ஐந்து நிமிடம் கழித்துப் பையன் வாயைத் திறந்து, "அம்மா தண்ணி" என்றான். மூன்று மணி நேரத்தில் அவன் சொன்ன முதல் வார்த்தை.

ஏன் அப்படி என்று பிறகு புரிந்தது. தொடைத் தசை உடம்பிலேயே பெரிய தசைக் கூட்டம். உள்ளே இருக்கிற எலும்பு உடைந்ததும் அது பயந்து சுருங்குகிறது, சுருங்கினால் உடைந்த முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உரசுகின்றன, உரசினால் இன்னும் சுருங்குகிறது. அசையாமல் நீட்டிக் கட்டிவிட்டால் அந்தச் சுழல் நின்றுபோகிறது. ஹியூ ஓவன் தாமஸ் என்று 19-ஆம் நூற்றாண்டில் லிவர்பூலில் இருந்த எலும்பு வைத்தியர் காலை அசையாமல் வைக்க ஒரு கம்பிச் சட்டம் செய்தார், முதல் உலகப் போரில் தொடை உடைந்து செத்துக்கொண்டிருந்த சிப்பாய்களில் பலரை அந்தச் சட்டம் காப்பாற்றியது. இன்றைக்கும் நம் அரசு மருத்துவமனை ஆர்த்தோ வார்டில் மூலையில் சாய்த்து வைத்திருப்பார்கள், தாமஸ் ஸ்ப்ளின்ட். ஆக, கட்டுப் போடுவதே வலி மருந்துதான். அதற்கு எந்த ஸ்பெஷலிஸ்டும் வர வேண்டியதில்லை.

எட்டு ஐம்பதுக்கு அரசு மருத்துவமனை. வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் 100 ரூபாய் கேட்டார், கொடுத்தேன், அதற்கு அரை மார்க் அங்கேயே குறைத்துவிட்டேன். உள்ளே கூட்டம் என்றால் கூட்டம், பைக் விபத்து, விஷம் குடித்த கேஸ், மூச்சுத் திணறல், கால் வைக்க இடமில்லை. எவ்வளவு அவசரம் என்பதை வைத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள், பையனுக்கு மஞ்சள் பட்டை. நான் மனசுக்குள் இன்னொரு இரண்டு மணி நேரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

வந்த பி.ஜி. டாக்டர் ஒரு பெண். ஃபைலைக் கேட்கவில்லை, எக்ஸ்ரேயைக் கேட்கவில்லை. "வெயிட் எவ்வளவும்மா? வலிக்கு ஏதாவது கொடுத்தாங்களா, எத்தனை மணிக்கு?" இதுதான் முதல் கேள்வி. 18 கிலோ என்று ஸ்கூல் ஹெல்த் கார்டில் போன மாதம்தான் எழுதியிருந்தது, சட்டென்று சொல்லிவிட்டேன். (உங்கள் பிள்ளையின் எடை உங்களுக்கு இப்போது தெரியுமா? கேஷுவாலிட்டியில் காலை ஊன்ற முடியாத பிள்ளையை எந்த மிஷினில் நிற்க வைப்பார்கள்? எல்லா மருந்தும் கிலோ கணக்கில்தான்.) பிறகு லேமினேட் செய்த ஒரு அட்டையை நீட்டினார். வரிசையாக ஆறு முகம், சிரிப்பதில் ஆரம்பித்துக் கண்ணீர் விடுவது வரைக்கும், அடியில் 0, 2, 4 என்று 10 வரை. டோனா வாங், கானி பேக்கர் என்று இரண்டு அமெரிக்கப் பெண்கள் 1980-களில் குழந்தைகளோடு உட்கார்ந்து உருவாக்கிய அட்டை அது. "இதுல எது நீ?" என்றார். பையன் கடைசி முகத்தைத் தொட்டுவிட்டு, "ஆனா நான் அழல" என்றான். டாக்டர், "தெரியும்டா" என்றார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

அடுத்து நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது. ஒரு சிஸ்டர் இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரியைத் திறந்து ஒரு சின்ன ஆம்பியூலை எடுத்தார், ரிஜிஸ்டரில் எழுதினார், டாக்டரும் கையெழுத்துப் போட்டார். சிரிஞ்சில் அரை மில்லியைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, ஊசிக்குப் பதிலாக முனையில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு குமிழை மாட்டினார். "தம்பி, மூக்குல பூ வாசம் மாதிரி ஒண்ணு அடிக்கப் போறேன்." ஒரு மூக்கில் பாதி, இன்னொன்றில் பாதி, சர் சர் என்று. பையன் முகத்தைச் சுளித்தான், "கசக்குது" என்றான், முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது நாலு. உள்ளே வந்து பதினாலு நிமிடம்.

அது ஃபென்டனில், மார்ஃபின் வகையைச் சேர்ந்த பலமான வலி மருந்து. கிலோவுக்கு ஒன்றரை மைக்ரோகிராம் கணக்கு, 18 கிலோவுக்கு 27. மூக்கின் உள்தோல் வழியாக நேராக ரத்தத்துக்குப் போய்விடும், ஐந்து பத்து நிமிடத்தில் பிடிக்கும். ஊசிக்கு ரத்தக் குழாய் தேட வேண்டியதில்லை, பிள்ளையைத் திருப்ப வேண்டியதில்லை, வயிறு காலியா நிறைந்ததா என்ற கேள்வியும் இல்லை. மூச்சை மந்தப்படுத்தலாம் என்பதால் விரலில் சிவப்பு விளக்குக் கிளிப்பை மாட்டி, ஒரு ஹவுஸ் சர்ஜனைப் பக்கத்திலேயே நிற்க வைத்திருந்தார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி அந்த அட்டை. இந்தத் தடவை நடுவில் இருந்த ஒரு முகத்தைத் தொட்டான். தொட்டுவிட்டு, அந்தச் சிவப்பு விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்டான். கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான் என்றால் என் பையன் திரும்பி வந்துவிட்டான் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் கையில் டிரிப்ஸ் ஏற்றுகிற வென்ஃப்ளான் குழாயைப் போட்டார்கள், அதற்குப் பிறகுதான் எக்ஸ்ரே. ஏற்கெனவே எடுத்த படத்தில் இடுப்பு மூட்டு முழுசாக வரவில்லை, உடைந்த எலும்புக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் தெரிய வேண்டுமாம். அதே பக்கவாட்டுப் படம், அதே கால், முணங்கினான், அலறவில்லை. மருந்து முன்னால், எக்ஸ்ரே பின்னால், வரிசையை மாற்றினால் போதும், புதுசாக எந்த மிஷினும் வாங்க வேண்டியதில்லை. கூடவே பாராசிட்டமாலை டிரிப்ஸில் ஏற்றினார்கள். 100 மில்லி பாட்டில், அதில் இவனுக்கு 27 மில்லி மட்டும், சிஸ்டர் பேனாவால் பாட்டிலில் கோடு போட்டு வைத்தார்.

பத்தரை மணிக்கு மயக்க மருந்துப் பிரிவிலிருந்து ஒருவர் சின்ன ஸ்கேன் மிஷினோடு வந்தார். தொடை மடிப்பில், அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக ஊசி நுனி போவதைத் திரையில் பார்த்துக்கொண்டே, காலுக்குப் போகிற நரம்பைச் சுற்றி மரப்பு மருந்தை விட்டார். கால் மணி நேரத்தில் தொடை மரத்துவிட்டது. அதற்கப்புறம் கால் தோலில் பட்டை ஒட்டிக் கயிறு கட்டி, கட்டில் முனையில் வெயிட்டைத் தொங்கவிட்டு டிராக்‌ஷன் போட்டபோது பையன் என் போனில் டிராக்டர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். இந்த நரம்பு மரப்பு ஊசியைப் பற்றி என் தோழியிடம் சொன்னபோது, பல் டாக்டர் போடுவாரே, அது மாதிரியா என்றாள். ஆமாம், கிட்டத்தட்ட அதேதான், தொடைக்கு.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை, நாலு வயது இருக்கும், அப்பா வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சக்கரக் கம்பியில் பாதம் மாட்டிக் கணுக்காலுக்கு மேல் உடைந்து, தோலும் உரிந்துவிட்டது. அதைக் கழுவி நேராக்கிக் கட்ட வேண்டும், அதற்குக் கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்தார்கள். ஒரு நிமிடத்தில் பிள்ளையின் கண் திறந்தபடியே பக்கத்துக்குப் பக்கம் அலைய ஆரம்பித்தது, கூப்பிட்டால் பார்க்கவில்லை. அவள் பாட்டி, "ஐயோ எம்புள்ளைக்கு என்னமோ ஆச்சு" என்று மாரில் அடித்துக்கொண்டார். அந்த மருந்தின் வேலையே அப்படித்தான், கண் திறந்திருக்கும், ஆள் அங்கே இருக்காது, மூச்சு தானாக ஓடும், தெளியும்போது சில பிள்ளைகள் வாந்தி எடுக்கும், உளறும். இதை முன்னாலேயே பாட்டியிடம் இரண்டு வரி சொல்லியிருந்தால் அவர் அப்படிப் பதறியிருக்க மாட்டார். சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நேரமில்லை.

மீதி அரை மார்க் எங்கே போனது என்றும் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு மரப்பு விட ஆரம்பித்தது, அடுத்த டோஸ் மருந்துக்கு நான் போய் சிஸ்டரைத் தேட வேண்டியிருந்தது. நாற்பது கட்டிலுக்கு ஒரே சிஸ்டர். அவரைத் திட்ட மனசு வரவில்லை, ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் பையன் துடித்தது துடித்ததுதான். கொசு, பாத்ரூம் பற்றியெல்லாம் எழுதினால் இந்த விமர்சனம் வேறு பக்கம் போய்விடும்.

'எப்படி விழுந்தான்' என்று மூன்று டாக்டர்கள் தனித்தனியாகக் கேட்டார்கள், ஒருவர் என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பையனிடமே கேட்டார். அப்போது சுள்ளென்று கோபம் வந்தது. குழந்தையின் தொடை எலும்பு சும்மா உடையாது, அடி உதையில் உடைந்து வருகிற பிள்ளைகளும் உண்டு, அதனால் எல்லாரிடமும் கேட்டே ஆக வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். சரிதான். கேட்கட்டும்.

வீட்டுக்கு வந்தபிறகு தேடித் தேடிப் படித்தேன், தூக்கம் வராத ராத்திரிகளில் வேறென்ன வேலை. பிரிட்டனில் அவசர மருத்துவர்களின் கல்லூரி வைத்திருக்கிற அளவுகோல், கடும் வலியோடு வருகிற பிள்ளைக்கு 20 நிமிடத்துக்குள் மருந்து. கொடுத்தால் போதாது, திரும்ப வந்து குறைந்ததா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் அரசு மருத்துவமனை, அந்தக் கூட்டத்தில், 14 நிமிடம். மீன் தொட்டி வைத்த இடத்தில் 110 நிமிடம்.

இன்னொன்று படித்தபோது உடம்பு சில்லிட்டது. 1980-கள் வரைக்கும் உலகத்தின் பெரிய மருத்துவமனைகளிலேயே பச்சைக் குழந்தைகளுக்குப் போதுமான வலி மருந்து இல்லாமல் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். நரம்பு முதிரவில்லை, வலி தெரியாது, மருந்துதான் ஆபத்து என்ற நம்பிக்கை. அதை அசைத்தவர்களில் முக்கியமானவர் இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த். இதய ஆபரேஷனுக்குப் போன குறைமாதக் குழந்தைகளில் ஒரு பகுதிக்கு ஃபென்டனில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார், அந்தக் குழந்தைகளின் உடம்பு குறைவாகத் தத்தளித்தது, சிக்கல்களும் குறைவாக வந்தன. 1987-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. என் பையன் மூக்கில் அடித்தார்களே, அதே மருந்து.

தனியார் மருத்துவமனையின் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஃபென்டனில், மார்ஃபின் எல்லாம் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறவை. உரிமம், கணக்கு, பூட்டு என்று தொல்லை, சின்ன மருத்துவமனைகள் பல அந்த வம்பே வேண்டாம் என்று வாங்கி வைப்பதில்லை. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, ஒரே இடத்தில் அனுமதி வாங்கினால் போதும் என்று எளிதாக்கியிருக்கிறார்கள், ஆனாலும் பயம் போகவில்லை. சரி, ஃபென்டனில் இல்லை. பாராசிட்டமால் டிரிப்ஸுக்கு எந்த உரிமம் வேண்டும்? ஒரு தலையணைக்கும் நாலு பட்டைக்கும்?

மறுநாள் காலை ஆபரேஷன். இந்த வயசில் எலும்புக்குள் இரண்டு வளைகிற டைட்டானியம் ஆணி விடுகிறார்கள், இன்னும் சின்னப் பிள்ளைகளாக இருந்தால் இடுப்பிலிருந்து மாவுக் கட்டு. காப்பீட்டில் முடிந்தது. நல்லபடியாக நடந்தது, அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை.

வார்டில் இருந்த மூன்று நாளும் சொந்தக்காரர்கள் வந்து புத்தூர் கட்டுப் பற்றிப் பேசினார்கள். என் அத்தை, என் மாமியார்தான், ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அவருடைய கை எலும்பு 1990-களில் அந்தக் கட்டில்தான் சேர்ந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிதாக உடைந்து வீங்கிக்கொண்டே இருக்கிற பிள்ளைத் தொடையில் மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினால், வீக்கத்துக்குப் போக இடமில்லை, ரத்த ஓட்டம் நின்றுவிடும், காலே போய்விடலாம் என்று டாக்டர் அத்தையிடமே உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். மாவுக் கட்டுக்கும் இதே ஆபத்து உண்டாம். மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், விரலைத் தொட்டு நீட்டினாலே கத்தினால், விரல் வெளுத்தோ மரத்தோ போனால், ராத்திரி எத்தனை மணியானாலும் ஓடி வரணும் என்றார். வலி மருந்து கொடுப்பது இந்த எச்சரிக்கையை மறைக்காது, மருந்தையும் மீறி வருகிற வலிதான் எச்சரிக்கையே.

வீட்டில் முதல் இரண்டு ராத்திரி கஷ்டம். தூக்கத்தில் தசை வெட்டி இழுக்கும், 'ஆ' என்று எழுந்துவிடுவான். வலித்தால் கொடுக்கலாம் என்று காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், அப்படிச் செய்ததும் அடங்கியது. இதில் ஒரு விஷயம். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று பாராசிட்டமால் பாட்டில் இருந்தது. ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், ஒன்றில் 5 மில்லிக்கு 250, பாப்பாவாக இருந்தபோது வாங்கிய சொட்டு மருந்தில் 1 மில்லிக்கே 100. அத்தை வழக்கம் போல மூடியில் 5 மில்லி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார், 120 பாட்டிலிலிருந்து. இவனுக்குத் தேவை 270. பாதிகூட இல்லை, அப்புறம் எப்படி வலி அடங்கும்? கூட எழுதிக் கொடுத்த ஐபுப்ரோஃபென் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை சொன்னார்கள்: காய்ச்சல் வந்தால் அதை நிறுத்திவிட்டு வாருங்கள், டெங்கு சீசன். என் சித்தப்பா தன் முதுகு வலிக்கு வாங்கின டிரமடால் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடு என்றார். கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே கோடீனும் டிரமடாலும் கூடாது என்று அமெரிக்காவில் 2017-லேயே சொல்லிவிட்டார்கள், சில பிள்ளைகளுக்கு மூச்சு நின்றுபோகிறது.

யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நிலைமை வந்தால், வரவேற்பில் "எக்ஸ்ரே எப்போ எடுப்பீங்க" என்று கேட்காதீர்கள், அது எப்படியும் எடுப்பார்கள். "வலிக்கு இப்போ என்ன கொடுக்கப் போறீங்க, வாயில கொடுக்க முடியாதுன்னா மூக்குல கொடுக்க முடியுமா, டிரிப்ஸ்ல கொடுக்க முடியுமா" என்று கேளுங்கள். கொடுத்தபிறகு குறையவில்லை என்றால் மறுபடியும் கேளுங்கள். நான் நாலு தடவை கேட்டது போதாது, சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும், பையன் அழாததால் அவனுக்கும் சேர்த்து நான்தான் அழுதிருக்க வேண்டும்.

இப்போது நடக்கிறான், லேசாகச் சாய்ந்து நடந்தது ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. பைக் சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. ஆணியை எடுக்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள், நேற்று அதைச் சொன்னதும் பையன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தோசையை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "எந்த ஆஸ்பத்திரி? மூக்குல அடிப்பாங்களே, அதா, இல்ல மீன் இருக்குமே, அதா?"